பண்ணையாட்களின் கனவும் நட்பும் தனிமையும்

உழவுத் தொழிலைப் போற்றாத புலவர் நம் மொழியில் அரியர். திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அது திருக்குறளில் 104 ஆம் அதிகாரமாக நிற்கின்றது. கம்பர் பெயரால் வழங்கும் ஏரெழுபதும் உழவின் மாண்பையே பாடுகின்றது. ஆயினும் இந்நூல்களைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். இவற்றுள் பெரிதும் புகழப்படுபவன் நிலமுடைய உழவனே. நாள்தோறும் சென்று பாராதவனிடத்து அவன் நிலம் மனைவியைப் போல் ஊடும் என்று வள்ளுவர் உரைக்குமிடத்தும், நிலத்துக்குரியவனையே கருதி உரைத்தார். பிறர் நிலத்தில் உழுது, பிறர் பட்டியில் ஆடு காத்து, வேலை முடிந்தபின் வேற்றூர் நோக்கி நடக்கும் கூலியாள் மாலை வேளையில் என்ன எண்ணுகின்றான்? அவனுக்கு நண்பன் உண்டோ? அவன் காணும் கனவு யாது? இவ்வினாக்களுக்கு விடை கூறும் பொறுப்பைப் பிற்காலத்தில் தோன்றிய நாவல் இலக்கியமே மேற்கொண்டது. அவ்விடைகளுட் சிலவற்றை, சிறப்பாக நம் சேலம் நாமக்கல் சமவெளியிலிருந்து எழுந்தவற்றை, ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாவலுக்கு முன்னரே பண்ணையாளைக் கதைத் தலைவனாக்கிய ஓர் இலக்கிய வகை நம்மிடத்து உண்டு. அதுவே பள்ளு. முக்கூடற்பள்ளு முதலிய நூல்களில் பள்ளனும் அவன் மனைவியர் இருவரும் பண்ணைக்காரனும் வருகின்றனர். நெல் வகைகளும் மாட்டு வகைகளும் உழவுக் கருவிகளும் அங்கே அழகுற அடுக்கப்படுகின்றன. வேலையில் தவறிய பள்ளனைப் பண்ணைக்காரன் தொழுவில் மாட்டித் தண்டிக்கும் காட்சியும் உண்டு. அக்காட்சியைக் கேட்டோர் நகைத்து மகிழ்ந்தனர். கால் தொழுவில் அகப்பட்டுக் கிடப்பவன் நெஞ்சில் அந்நேரம் என்ன நிகழ்ந்தது என்பதைப் பள்ளு நூல் பெரிதாக ஆராய்வதில்லை. அவ்வாறு ஆராய்தல் அவ்வகை நூலின் குறிக்கோளும் ஆகாது. பண்ணையாளின் உடலுழைப்பையும் நகைச்சுவையையும் நமக்குக் காட்டிய பள்ளு, அவன் தனிமையைக் காட்டாது விட்டது. விட்ட இடத்திலிருந்தே நாவலாசிரியர் தொடங்குகின்றனர்.

நிற்க. இப்பொருள் பற்றி உலகெங்கும் பயிலப்படும் கதையொன்றை முதற்கண் நினைவுகூர்தல் பயன் தரும். அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் 1902 ஆம் ஆண்டில் பிறந்த ஜான் ஸ்டைன்பெக் என்பவர், இளமையில் பண்ணைகளில் கூலி வேலை செய்து, மூட்டை சுமந்து ஊர்ஊராய்த் திரிந்த தொழிலாளரோடு பழகினவர். அவர் 1937 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' என்னும் சிறு நாவல், அத்தகைய தொழிலாளர் இருவரின் கதை. ஜார்ஜ் என்பவன் சிறிய உருவமும் கூரிய அறிவும் உடையவன். லென்னி என்பவன் பேருருவமும் குழந்தை மனமும் உடையவன். இருவரும் ஒன்றாகவே பண்ணை விட்டுப் பண்ணை செல்கின்றனர். தமக்கென 10 ஏக்கர் நிலமும் ஒரு சிறு வீடும் வேண்டும், அங்கே முயல் வளர்க்க வேண்டும் என்பது அவர்கள் கனவு. லென்னி வற்புறுத்திக் கேட்கும்போதெல்லாம் ஜார்ஜ் அக்கனவை ஒரு தாலாட்டைப் போலத் திரும்பத் திரும்பச் சொல்லுகின்றான். கதை நிகழும் இடத்துக்கு அண்மையில் உள்ள ஊரின் பெயர் சொலிடாட். ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குத் தனிமை என்பது பொருள். ஊர்ப்பெயர் ஆசிரியர் புனைந்ததன்று, உள்ளதே; எனினும் கதைக்கு அதனினும் பொருத்தமான பெயர் வாய்த்திருக்க முடியாது.

அப்பண்ணையில் வேறு சிலரும் உளர். எந்திரத்தில் ஒரு கையை இழந்த முதியவன் கேண்டி. அவன் வளர்த்த கிழநாய் பயனற்றதாயிற்று என்று பிறர் அதனைச் சுட்டுக் கொல்கின்றனர். தன் முடிவும் அதுவே என்று அவன் அஞ்சுகின்றான். கறுப்பினத்தவன் ஆதலால் மற்றவரோடு தங்க இடம் பெறாது, குதிரைச் சேணங்கள் வைக்கும் அறையில் தனித்துறையும் குரூக்ஸ் மற்றொருவன். இவ்விருவரும் ஜார்ஜ், லென்னி ஆகியோரின் கனவைக் கேட்டவுடன் அதில் தமக்கும் ஓர் இடம் வேண்டுகின்றனர். தனித்தவனுக்குக் கனவு எவ்வளவு விரைவில் தொற்றிக்கொள்கிறது என்பதை ஆசிரியர் இங்ஙனம் காட்டுகின்றார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சேலம் மாவட்டத்திலிருந்து 1997 ஆம் ஆண்டில் நாமக்கல் மாவட்டம் தனியே பிரிக்கப்பட்டது. காவிரிக் கரையையும், 1934 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மேட்டூர் அணையின் வாய்க்கால் பாயும் நிலத்தையும் நீக்கிப் பார்த்தால், இச்சமவெளியின் பெரும்பகுதி மானாவாரிக் காடு. சோளமும் கம்பும் நிலக்கடலையும் விளையும் மேட்டு நிலம், வரப்பெங்கும் பனைமரம், ஆழமான கிணறு, ஆடு மேயும் கொறங்காடு. இப்பகுதி உழவர் பலர் ஊருக்குள் நெருங்கி வாழாது, தத்தம் தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருப்பர். ஒரு வீட்டுக்கும் மற்றொரு வீட்டுக்கும் இடையே வயற்பரப்புக் கிடக்கும். உறவும் உடைமையும் உடையோர்க்கு இவ்வமைப்பு வசதியாம். அவர் வீட்டில் ஆளாக வந்து சேர்ந்த சிறுவனுக்கோ, கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரத் தன்னவர் ஒருவரும் இல்லாத நிலையாம். இச்சமவெளியின் நில அமைப்பே தனிமைக்கு ஒரு காரணம் என்பதை நாம் மறத்தலாகாது.

இங்கே நிலமில்லாதார்க்கு இருவழியே இருந்தன. ஒன்று வெளியேறுதல், மற்றொன்று கட்டுண்டு கிடத்தல். சேலம், திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றோர் எண்ணிறந்தோர். அத்தோட்டக்காட்டு வாழ்வைப் புதுமைப்பித்தன் 1935 ஆம் ஆண்டில் 'துன்பக்கேணி' என்னும் கதையில் தீட்டினார். அதன் தலைவி திருநெல்வேலிப் பக்கத்தவளேனும், அவள் பட்ட துயரம் சேலத்தாருக்கும் பொதுவானது. வெளியேறாதோர் கதையைச் சொல்ல முன்வந்தவர் பெருமாள்முருகன்.

1966 ஆம் ஆண்டில் திருச்செங்கோட்டுப் பகுதியில் பிறந்த இவ்வாசிரியர், நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றியவர். கொங்கு வட்டாரச் சொற்களைத் தொகுத்து அகராதியும் செய்தவர். இவர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கூளமாதாரி' என்னும் நாவலின் தலைவன் கூளையன். அருந்ததியர் இனத்துச் சிறுவனான இவன், தந்தை பெற்ற தொகைக்காகக் கவுண்டர் ஒருவர் பண்ணயத்தில் ஆளாக விடப்பட்டவன். ஆடு மேய்த்தலும் தொழுவம் கூட்டுதலும் இரவில் பட்டிக்குக் காவல் இருத்தலும் அவன் கடமை. உணவு பிறர் உண்டு எஞ்சியது. அதுவும் தொலைவில் நின்று பெறுவது. அக்கம்பக்கத்துப் பண்ணயங்களில் அவனைப் போன்றே ஆளாக உள்ள நெடும்பன், மொண்டி, வவுறி, செவிடி முதலிய சிறுவர் சிறுமியர் மேய்ச்சல் நிலத்தில் அவனுடன் கூடுகின்றனர். வி. கீதா இந்நாவலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 2004 ஆம் ஆண்டில் வெளிவந்த அம்மொழிபெயர்ப்பு, ஸ்டைன்பெக்கின் கலிபோர்னியாவைச் சார்ந்த கிரியாமாப் பரிசுக்கு 2005 ஆம் ஆண்டில் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது.

இவ்விரு நாவல்களையும் அருகருகே வைத்து நோக்கின், கனவு, நட்பு, தனிமை என்னும் மூன்றும் எங்கே ஒத்தும் எங்கே வேறுபட்டும் நிற்கின்றன என்பது தெளிவாகும். முதற்கண் கனவை எடுத்துக்கொள்வோம். ஜார்ஜின் கனவு கணக்கிடக்கூடியது. மாதக் கூலி 50 டாலர். நிலத்தின் விலை 600 டாலர். கை இழந்ததற்கு இழப்பீடாகக் கேண்டிக்குக் கிடைத்த பணம் 250 டாலர். இன்னும் சில திங்கள் சிக்கனமாய் இருந்தால் போதும் என்று அவர்கள் விரல்விட்டு எண்ணுகின்றனர். அக்கனவு நிறைவேறாது போகின்றது. எனினும் எண்ணிப் பார்க்கவேனும் அவர்களால் இயன்றது. கூளையனுக்கோ கூலி என்பது கையில் விழுவதே இல்லை. ஆண்டுக்கு இவ்வளவு என்று பேசிய தொகை தந்தையைச் சேர்ந்துவிடுகின்றது, செலவாகியும் விடுகின்றது. எண்ணுதற்குக் காசு இல்லாதவன் எதனை எண்ணுவான்? ஆகவே அவன் கனவில் நிலம் வருவதில்லை. ஒரு நாள் வீட்டுக்குப் போய் வருதல், தாயின் முகம் காணுதல், வயிறார உண்ணுதல், நண்பரோடு ஆடிக்களித்தல் ஆகிய இவையே அவன் வேண்டுவன. நிலமுடைய குடியிற் பிறந்தவன் ஒரு பொழுதும் கனவென்று கருதாத எளிய பொருள்கள் இவை. கூலி கையில் விழுந்தால்தான் வருங்காலம் என்பது ஒருவனுக்கு உண்டாகும் என்னும் பொருளியல் உண்மையை, எந்தப் புள்ளிவிவரமும் இன்றி இந்நாவல் நமக்கு உணர்த்துகின்றது.

அடுத்தது நட்பு. வள்ளுவர் 79 ஆம் அதிகாரம் தொடங்கி 83 ஆம் அதிகாரம் ஈறாக நட்பையே பலபடியாக ஆராய்ந்தார். ஆராய்ந்து நட்புக் கொள்க என்பது அவர் அறிவுரை. ஆனால் கூலியாளுக்கு ஆராயும் உரிமை ஏது? பக்கத்துக் காட்டில் யார் ஆளாக விடப்படுகின்றாரோ அவரே நண்பர். அங்ஙனமிருந்தும் மேய்ச்சல் நிலத்தில் மலரும் அந்நட்பு எத்துணை வளமுடையது! பனம்பழம் பொறுக்கிப் பகிர்ந்து உண்கின்றனர். ஏரி நீரில் ஆடுகின்றனர். ஒருவர் ஆட்டை மற்றவர் மடக்குகின்றார். ஒருவர் அடிபட்டால் மற்றவர் அவ்வலியைப் பேசித் தணிக்கின்றார். ஆண்டையின் கண்ணுக்கு எட்டாத அந்தச் சில நாழிகைகளே அவர்களுக்குச் சொந்தமானவை. நிலமில்லாத அவர்க்கு அந்நேரமே நிலம் என்றால் மிகையாகாது.

மற்றொரு நட்பும் இந்நாவலில் உண்டு. கவுண்டர் மகன் செல்வன் கூளையனை ஒத்த வயதினன். சிறுவர் ஆதலின் இருவரும் கூடி விளையாடுகின்றனர், பேசுகின்றனர். ஆனால் ஒருவன் பள்ளிக்குச் செல்பவன், ஏவுபவன். மற்றவன் ஏவல் கேட்பவன். விளையாட்டில் தோற்றவுடன் முன்னவன் ஆண்டையின் மகனாக மாறிவிட முடியும்; பின்னவன் எந்நாளும் வேறொன்றாக மாறுதற்கில்லை. லென்னிக்காக ஜார்ஜ் எடுக்கும் இறுதி முடிவு கொடியதேனும் அன்பினின்று பிறந்தது. அவ்விருவரிடையே மேல் கீழ் இல்லை. செல்வனுக்கும் கூளையனுக்கும் இடையிலோ அன்பும் அதிகாரமும் ஒரே கயிற்றின் இரு புரிகளாகப் பின்னிக் கிடக்கின்றன. இப்பின்னல் எங்கே கொண்டு செல்லும் என்பதே கதையின் பிற்பகுதியாகும். அதனை ஈண்டு விரித்துரைத்தல் படிப்பார் உரிமையைக் கவர்தலாகும் என்று விடுகின்றோம். சிறுவர் இருவரிடையே இயல்பாய் எழுந்த நட்பைக் கூடச் சாதியும் உடைமையும் விட்டுவைப்பதில்லை என்பது மட்டும் ஈண்டுக் கூறத் தகும்.

மூன்றாவது தனிமை. தனிமையாவது அருகில் மனிதர் இல்லாமை என்று நாம் பொதுவாக எண்ணுகின்றோம். இவ்வாசிரியர் இருவரும் அவ்வெண்ணத்தைத் திருத்துகின்றனர். குரூக்ஸின் அறைக்கு வெளியே ஆட்களின் சிரிப்பொலி கேட்டுக்கொண்டே இருக்கின்றது. கூளையன் படுக்கும் பட்டிக்கு எதிரே கவுண்டர் வீட்டு விளக்கு எரிந்துகொண்டே இருக்கின்றது. மனிதர் உளர், அவரோடு அமர இடம் இல்லை. ஒருவனுக்கு நிறமும் மற்றவனுக்குச் சாதியும் வேலியாய் நிற்கின்றன. ஆடுகளே கூளையனுக்கு உற்ற துணை. தேங்காய் திருடினான் என்ற குற்றத்துக்காக அவனைக் கயிற்றிற் பிணித்துக் கிணற்றினுள் தலைகீழாய்த் தொங்கவிடும் பகுதியைப் படிப்போர் எளிதில் மறக்கமாட்டார். பள்ளனின் தொழுவைக் கண்டு நகைத்த நம் முன்னோர் வழியில் வந்த நாம், இங்கே நகைக்க இயலாது நிற்கின்றோம். தொழுவுக்கு வெளியே நின்று பார்ப்பவராக அங்கே இருந்தோம். கிணற்றினுள் தொங்குபவனோடு இங்கே நாமும் தொங்குகின்றோம். இலக்கியம் நின்று நோக்கும் இடம் இவ்வாறு மாறியதே இந்நூற்றாண்டுகளின் பெருமாற்றம் என்போம்.

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். கூளை என்பது குட்டையைக் குறிக்கும், நெடும்பன் உயர்ந்தவன், மொண்டி கால் ஊனமுற்றவன், செவிடி காது கேளாதவள். உடம்பின் குறியே பெயராயிற்று. கலிபோர்னியப் பண்ணையிலும் குதிரை உதைத்து முதுகு வளைந்தவனுக்கு, வளைந்தவன் எனப் பொருள்படும் குரூக்ஸ் என்பதே பெயர். பண்ணை முதலாளி மகனின் மனைவிக்கோ ஆசிரியர் பெயரே தரவில்லை. கூலியாளையும் தாழ்ந்தவரையும் அவர் உடம்பால் அல்லது அவரை உடையவரால் சுட்டும் வழக்கம் கடல் கடந்தும் ஒன்றாயிருத்தல் வியப்பைத் தருகின்றது.

இத்தனிமைக்கு மருந்து உண்டா? இவ்வினாவுக்கு நாமக்கல் வட்டாரத்து மற்றோர் எழுத்தாளரான கு. சின்னப்ப பாரதி வேறு விடை கூறினார். 1935 இல் பிறந்து 2022 இல் மறைந்த இவர், உழவர் இயக்கத்தில் நேரே ஈடுபட்டவர். 1975 ஆம் ஆண்டில் வெளிவந்த 'தாகம்' என்னும் இவருடைய நாவல், பண்ணைக்கு உழைக்கும் எளியோர் சாதி கடந்து ஒன்றுசேர்தலைப் பேசுகின்றது. கொல்லிமலை மக்களைப் பற்றிய நாவலுக்கோ 'சங்கம்' என்றே பெயரிட்டார். தனித்தனியே ஏங்குவோர் கூடிப் போராடினால் கனவு நனவாகும் என்பது இவர் கொள்கை. பெருமாள்முருகன் அங்ஙனம் வழி காட்டுவதில்லை. உள்ளதை உள்ளவாறு காட்டி அமைகின்றார். ஒருவர் நம்பிக்கையைத் தருகின்றார்; மற்றவர் அந்நம்பிக்கை எவ்வளவு பெரிய துயரத்தைத் தாங்கவேண்டும் என்பதை அளந்து தருகின்றார். இரண்டும் நமக்கு வேண்டுவனவே.

கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976 ஆம் ஆண்டில் இந்திய நாடெங்கும் நிறைவேறியது. ஆண்டுத் தொகைக்குச் சிறுவரைப் பண்ணயத்தில் விடும் வழக்கமும் பள்ளிகள் பெருகியதால் பெரிதும் தளர்ந்தது. ஆயினும் பிழைப்பைத் தேடி அலையும் கூலியாள் மறைந்துவிடவில்லை, திசை மாறினான். திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ஆழ்துளைக் கிணற்று வண்டிகளோடு நம் இளைஞர் பல மாநிலங்களுக்கும் சென்று திங்கட்கணக்கில் வண்டியையே வீடாகக் கொண்டு வாழ்கின்றனர். நாமக்கல் கோழிப்பண்ணைகளிலோ வட மாநிலங்களிலிருந்து வந்தோர், நம் மொழி அறியாது, நமக்கருகே வேலை செய்கின்றனர். மாலையில் அவர் கைப்பேசியில் தம் குழந்தையோடு பேசுவதை நாம் கேட்டிருப்போம். பொருள் விளங்காவிடினும் குரல் விளங்கும். அக்குரலைக் கேட்டறியும் செவியைத் தருவதே கூளையன் கதையைப் படிப்பதன் பயன்.

மாணவ நண்பர்காள்! நம் வகுப்பறையில் நிலமுடையார் மக்களும், அந்நிலத்தில் ஆளாயிருந்தார் பேரமக்களும் ஒரே பலகையில் அமர்ந்து பயில்கின்றனர். மேய்ச்சல் நிலத்தில் கூளையனுக்கும் செல்வனுக்கும் வாய்க்காத சமநிலை இங்கே நமக்கு வாய்த்திருக்கின்றது. எனினும் ஒரே பலகையில் அமர்தலாலேயே நட்பு உண்டாகிவிடாது. விளையாட்டில் தோற்றபோதும், தேர்வில் பின்தங்கியபோதும், வீட்டு விருந்துக்கு யாரை அழைப்பது என்று எண்ணும்போதும், நம்முள் எவரேனும் ஆண்டையின் மகனாக மாறுகின்றோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். அக்கேள்வியை நேர்மையோடு கேட்கக் கற்பிக்கும் நூல்கள் நம் நூலகத்தில் உள்ளன. இவ்விடுமுறையில் அவற்றுள் ஒன்றையேனும் எடுத்துப் படிக்குமாறு வேண்டுகின்றோம்.